முன்மொழிய ஆளில்லாத வரி

2012 மே 14, திங்கட்கிழமை காலை, கற்பிட்டிக் கரையிலுள்ள விடிவெள்ளி மீனவர் சங்கத்தின் ஒரே கணினி வைரஸ் பிடித்து நின்றுபோனது.

செயலாளர் அனஸ்தாசியாவுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. கச்சான் காற்று எழும்பிப் படகுகள் கரையேறிய நாள் முதல், தலைவர் நிக்கொலஸ் காலையில் வந்து கணினிக் கதிரையில் குந்தினால் பொழுது சாயும்வரை சீட்டாடினார். கணினியோடுதான், தனியாக. நாலு படகுகளின் பதிவு விண்ணப்பத்தை அவள் கையால் எழுதி அனுப்ப, எழுத்து விளங்கவில்லையென்று புத்தளம் மீன்பிடிக் கந்தோரில் இரண்டு தரம் திருப்பிவிட்டார்கள். இன்னொரு தரம் திரும்பினால், காற்று விழுந்த பிறகும் அந்த நாலும் கரையில்தான் கிடக்கும்.

பாலாவியில் கணினி திருத்தும் தம்பி கிளைட்டன், கணினியைப் புதிதாக இயக்கியெடுக்க ஒரு லினக்ஸ் இறுவட்டைக் கொடுத்துவிட்டான்.

"படம் கிடம் வராது அக்கா, கேள்விதான் வரும். வேணுமெண்ட வரியில ஸ்பேஸ் தட்டினா நட்சத்திரம் விழும், திருப்பித் தட்டினா போகும். எண்டர் அடிச்சா அடுத்த கேள்வி. அவ்வளவுதான்."

கேள்வி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேரே நிக்கொலஸிடம் போனாள்.

"அங்கிள், இது சங்கத்துச் சாமான். எல்லாக் கேள்விக்கும் நான் தனிய மறுமொழி சொன்னா சரியில்ல. செயற்குழுவைக் கூட்டுவமா?"

"அதுதான் முறை, பிள்ளை!"

கூட்டமென்றால் நிக்கொலஸுக்குத் திருவிழா மாதிரி. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இல்லாமல் அந்தச் சங்கத்தில் ஒரு தும்புத்தடிகூட வாங்கியதில்லை. தலைவர் எதையும் முன்மொழியக் கூடாது என்ற விதியும் அவரே போட்டதுதான்.

வியாழன் பின்னேரம் பொருளாளர் ஜபாரும் உபதலைவர் அருளப்புவும் வந்தார்கள். அருளப்பு வழிமொழிவதற்கென்றே பிறந்தவர். பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒன்றையும் முன்மொழிந்தவரல்ல.

நீலத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அனஸ்தாசியா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"கணினிக்கு ஒரு பேர் கேக்குது."

"வழிமொழியிறன்," என்றார் அருளப்பு.

"இன்னும் பேரே வைக்கல்ல மனுசா!" என்றார் ஜபார். பிறகு அவரே 'விடிவெள்ளி' என்று முன்மொழிந்தார்.

"பழசு முழுக்க அழிக்கவா எண்டு கேக்குது."

"உள்ளுக்கு என்ன ஈக்கிது புள்ள?"

"தலைவர்ட சீட்டு ஆட்டம்தான், ஜபார் நானா. வேற ஒண்டுமில்ல."

நிக்கொலஸ் கூரையைப் பார்த்தார். ஜபார் முன்மொழிந்தார், அருளப்பு வழிமொழிந்தார், வட்டு அழிந்தது.

அடுத்து, எதையெதை உள்ளே போடுவது என்று வரிவரியாக வந்தது. எழுதும் செயலி நிறைவேறியது. அச்சடிக்கும் செயலி நிறைவேறியது. அனஸ்தாசியா அம்புக்குறியை ஒரு வரி கீழே இறக்கினாள்.

"விளையாட்டு," என்றாள்.

வெளியே காற்று தகரத்தை அடித்தது.

"அதில முந்தியே நட்சத்திரம் கிடக்குதானே," என்றார் நிக்கொலஸ், பெரிதாக அக்கறையில்லாதவர் போல. "கிடந்திட்டுப் போகட்டும்."

"சங்கம் தீர்மானிக்காத ஒண்டை எப்பிடி அங்கிள் விடுறது? ஆராவது முன்மொழியோணும்."

நிக்கொலஸ் ஜபாரைப் பார்த்தார்.

"நம்மளால ஏலா," என்றார் ஜபார். "சங்கத்துக் கணினில விளையாட்டுப் போடச் சொன்னது ஜபாரெண்டு ஊரெல்லாம் கதைக்கவா?"

மேசைக்குக் கீழே நிக்கொலஸின் கால் அருளப்புவின் காலைத் தேடிப் பிடித்து மிதித்தது. அருளப்பு துடித்து எழும்பினார்.

"ஆராவது முன்மொழிஞ்சா நான் வழிமொழிய ரெடி!"

"நீ முன்மொழியன்!" தலைவரின் குரல் கீச்சிட்டது.

"எனக்கு அது பழக்கமில்ல, அண்ணே."

"அங்கிள் வேணுமெண்டா தலைவர் பதவியை விட்டிட்டு முன்மொழியலாம்," என்றாள் அனஸ்தாசியா, பணிவாக. "விதியில தடையில்ல."

நிக்கொலஸ் அதையும் யோசித்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லியிருக்கக் கூடாதென்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. அவர் பதவியை விட்டால் இந்த அருளப்பு அதையும் வழிமொழிவார், சீட்டையும் வழிமொழிவார்.

"கேள்வி தள்ளுபடி," என்றார் நிக்கொலஸ் கடைசியில். "அடுத்தது என்ன?"

அவள் ஸ்பேஸைத் தட்டினாள். நட்சத்திரம் போனது. எண்டரை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு படகுகளின் விண்ணப்பமும் தட்டச்சாகிப் புத்தளம் கந்தோருக்குப் போனது. ஜூன் மாதம் நாலுக்கும் பதிவு கிடைத்தது.