ஷர்லி எண்ணிய வாத்துகள்

ஷர்லிக்கு நல்ல சேதி கிடைத்தால் நாலு பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது. டீச்சர் வேறு, கேட்க வேண்டுமா? மார்கழி பிறந்தால் போதும், விடிந்ததும் ஆவூருக்குப் பக்கத்தில் தங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று, வந்த பறவைகளை எண்ணி, பறவைக் கணக்கெடுப்புக்காகச் செல்போனில் ஏற்றுவாள். "மேடம் கொக்கு எண்ணப் போயிட்டாங்க" என்று கணவன் அலெக்ஸ் கேலி பேசுவான். பேசிவிட்டுப் போகட்டுமே.

இந்த வருஷம் பட்டைத்தலை வாத்துகள் வந்திருந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, அவளுடைய கண்மாயில்! ஊரே காவல் காக்கும் என்று நினைத்தாள் பைத்தியக்காரி. தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பிய வாட்ஸப் குரூப்பில் படத்தைப் போட்டாள். 'சாயங்காலம் கலுங்குக்குக் கீழே வயலில் மேயும். யாரும் விரட்டாதீங்க' என்று, கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் அந்த இடத்தையும் நேரத்தையும் எழுதினாள். கிறிஸ்துமஸ் கறிப் பங்குக்கு ஆள் சேர்ப்பதும் அதே குரூப்பில்தான். அது அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் மதியம் அலெக்ஸின் அண்ணன் ஜெரால்டு வீட்டில் விருந்து. கை கழுவக் கொல்லைக்குப் போனவள் குப்பைக்குழியில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட அந்தத் தலையைப் பார்த்தாள்.

அலெக்ஸைத் தனியே இழுத்தாள். "ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணப் போறேன்."

"பண்ணு. அண்ணனத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஒன் பிரசவத்துக்கு ரத்தம் குடுத்த மனுசன். அப்பறம் இந்த வாசப்படிய எப்படி மிதிப்ப?"

அவளால் எண்ணை அழுத்த முடியவில்லை.

பந்தியில் ஜெரால்டு சிரித்தபடி முதல் கரண்டியை அவள் இலையில் வைத்தார். "நீ சொல்லலேன்னா எங்களுக்கு எங்க தெரியப்போகுது? மொதக் கறி ஒனக்குத்தாம்மா."

"எல்லாத்தையும் பிடிச்சிட்டீங்களா மச்சான்?"

"கண்ணியில நாலஞ்சுதான் மாட்டுச்சு. மிச்சத்த நியூ இயருக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் விடிந்ததும், வீட்டில் மிஞ்சிய வெடிகளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடினாள். யாரும் விரட்டாதீங்க என்று எழுதிய கையாலேயே கொளுத்தி எறிந்தாள். வாத்துகள் கூச்சலிட்டு எழும்பின.

"போங்க. எங்கிட்டாவது போயிருங்க."

பனைகளுக்கு மேலே போனவை மெல்லத் திரும்பி, அவள் நிற்கும் கரைக்கு நேராகவே இறங்கின. இன்னொரு வெடி போட்டாள். மறுபடியும் சுற்றி வந்து அங்கேயே இறங்கின. தீப்பெட்டி காலியாகும்வரை போட்டுப் பார்த்தாள். பிறகு கரையில் உட்கார்ந்து அழுதாள்.

போன் ஒலித்தது. ஜெரால்டு. "கண்மாய்லயாம்மா நிக்கிற? யாரோ வெடி போடுறானுங்களே, வாத்து போயிருச்சா?"

வாத்துகள் தண்ணீரில் அமைதியாக மிதந்துகொண்டிருந்தன.

"போயிருச்சு மச்சான்" என்றாள்.

"எங்க போயிருச்சு? கலுங்குலேர்ந்துதான பேசுறேன். வாத்தும் தெரியுது, நீயும் தெரியுற."