எவலின் கழற்றிய டேக்

1

முதலில் உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் மனைவி ரமணியின் தோழி எவலின் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அண்ணே, நீங்க கதை எழுதுறவருதானே? ஒரு ஆள் பொழைச்சானா செத்தானான்னு எனக்குத் தெரியணும். எழுதிச் சொல்லுங்க லா" என்றாள்.

இருபது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஓர் ஆர்டர் வந்ததே இல்லை. என் கதையை யாராவது கேட்டு வாங்குவதே அதிசயம். வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டேன். மடத்தனம்.

2

முதல் தொடக்கம்: வெண்பனி போர்த்திய போர்க்களத்தில், விடியலின் மெல்லிய ஒளியில், ஓர் இயந்திரம்

அடித்துவிட்டேன். எவலினுக்குப் படித்துக் காட்டியபோது, "பனியை நீங்க எங்கண்ணே பாத்தீங்க? ஃப்ரீஸர்லயா?" என்றாள். அவள் பார்த்த வீடியோவில் பனியே கிடையாது. எங்கள் பூச்சோங்கில் மழை விட்டதும் காலணியைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி சேறுதான்.

இரண்டாம் தொடக்கம்: எவலின், வயது நாற்பத்தாறு, ஒரு கொலைக்குக் காரணமாக

இதையும் அடித்தேன். "நாப்பத்தி நாலு" என்று திருத்தினாள். கொலையைத் திருத்தவில்லை. தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

சரி, தொடக்கமே வேண்டாம். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

எவலின் தினமும் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங்குக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் ரப்பர் ட்ராக்கின் தரம் பார்க்கிறவள். ட்ராக் என்றால், செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் சின்ன வண்டிகளுக்குச் சக்கரத்தைச் சுற்றிப் போடும் தடித்த ரப்பர் பட்டை. சேற்றில் புதையாமல் உருட்டிக்கொண்டு போகும். தொழிற்சாலை அதைச் செய்கிறது. எவலின் தட்டி, தடவி, முகர்ந்துகூடப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு டேக் மாட்டிவிடுவாள். மாட்டினால் மாட்டினதுதான். முதலாளியே வந்தாலும் அதைத் தொட முடியாது. கழற்றும் உரிமை அவளுக்கு மட்டும்.

போன வருடம் ஐரோப்பாவுக்கு ஓர் ஆர்டர். தாளில் ‘விவசாய உபயோகம்’ என்று போட்டிருந்தது. அதில் ஒரு ட்ராக்கில், உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்கு மேலே, ஐந்து சென் காசு அளவுக்கு ஒரு குமிழி. எவலின் டேக்கை மாட்டி மூலையில் தள்ளினாள்.

மறுநாள் ஆயுத பூஜை. வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

4

பேக்கிங் பகுதி அய்யாவு எதிலும் குறை வைக்காத மனிதர். சாமி படம் வைக்க மேசை ஆடுகிறது என்று, டயர் அடுக்குவதுபோல நாலு ட்ராக்கை அடுக்கி மேடை கட்டிவிட்டார். மூன்று, நல்ல அடுக்கிலிருந்து. ஒன்று, கைக்கு எட்டிய மூலையிலிருந்து. அதுதான் உச்சியில். படத்துக்கு நேர் கீழே சிவப்பு டேக் ஆடிக்கொண்டிருந்தது.

"எவலின், சாமிக்குக் கீழ ‘ரிஜெக்ட்’னு தொங்குது. நல்லாவா இருக்கு? நீ கழட்டினாத்தான் உண்டு."

எவலின் கத்தோலிக்கப் பெண். தன் சாமியாக இருந்திருந்தால், "அதெல்லாம் சாமி ஒன்னும் நெனைக்காது, போங்க" என்று சொல்லியிருப்பாள். அடுத்தவர் சாமி ஆயிற்றே, மரியாதை குறையக் கூடாதே! "ஃபோட்டோ எடுத்ததும் மாட்டிடுறேன்" என்று கழற்றி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

(இந்த இடத்தில் அவளைச் சந்தேகித்தேன். இவ்வளவு கண்டிப்பானவள் கழற்றுவாளா? வாசகர் நம்புவாரா? கேட்டேன். "எங்க கம்பெனில வந்து பாருங்கண்ணே, பூஜைன்னா நாங்க எல்லாரும் ஒன்னுதான்" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.)

எண்ணெய்ப் பசை ரப்பரில் விபூதி நிற்கவில்லை. அய்யாவு விடுவாரா? வெள்ளை பெயிண்ட் மார்க்கரை எடுத்து, உச்சி ட்ராக்கின் நெற்றியில் மூன்று கோடு பட்டை போட்டு, நடுவே சிவப்பு மார்க்கரில் பொட்டும் வைத்தார். ஃபோட்டோ எடுத்தார்கள். சுண்டல், கேசரி, பீஹூன். இடத்தைக் கூட்டியவர்கள் நாலு ட்ராக்கையும் நல்ல அடுக்கோடு சேர்த்துவிட்டார்கள். லோரி வந்தது, ஏற்றியது, போனது.

மூன்று நாள் கழித்து வாஷிங் மெஷினிலிருந்து எவலினின் வெள்ளை மேல்கோட்டு ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. பைக்குள் கையை விட்டாள். ஊறிப்போன டேக். மறுநாள் காலை ஓடிப்போய் மூலையைப் பார்த்தாள். காலி. கப்பல் கிளம்பியாயிற்று.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. விவசாய வண்டிதானே, முட்டைக்கோஸ் ஏற்றுவார்கள், அறுந்தால் கம்ப்ளெய்ன்ட் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

5

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் கணவர் இக்னேஷியஸ் கைப்பேசியில் போர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தமே இல்லாத நாட்டுப் போருக்கு, இருந்த இடத்திலிருந்தே யோசனை சொல்கிறவர்களில் அவரும் ஒருவர்.

"ஏய் எவலின், ஓடியா! பட்டை லா! ரோபோ பட்டை போட்டுருக்கு!"

கட்டில் உயரம்கூட இல்லாத தட்டை வண்டி. ஓட்ட ஆள் இல்லை. எங்கோ பதுங்குகுழியில் ஒருவன் திரையைப் பார்த்து ஓட்டுகிறான். மேலே அடிபட்ட ஒரு சிப்பாய் படுத்திருக்கிறான். ட்ராக் சுற்றுகிறது. மூன்று வெள்ளைக் கோடு, சிவப்புப் பொட்டு. கீழே போகிறது, மேலே வருகிறது. மூன்றாம் சுற்றில் வண்டி ஒரு பக்கமாக இழுத்து, திரும்பி, நின்றுவிடுகிறது. படுத்திருந்தவன் ஒரு கையைத் தூக்குகிறான். வீடியோ முடிந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று வினாடி.

"ஒங்க கம்பெனி ஃபேமஸ் ஆயிருச்சு!" என்றார் இக்னேஷியஸ். எவலின் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

(இங்கே இந்த வண்டிகளைப் பற்றி நாலு பக்கம் கட்டுரை எழுதி வைத்திருந்தேன். குண்டு சுமந்து போகும், கண்ணிவெடி தேடும், அடிபட்டவனை இழுத்து வரும். உடைந்தால் அழ ஆளில்லை, அதனால்தான் அனுப்புகிறார்கள், இப்படியெல்லாம். எவலின் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆளில்லா வண்டின்னு பத்து தடவை எழுதிருக்கீங்க. மேல ஒருத்தன் படுத்திருக்கானே, அவன் யாரு?" என்றாள். நாலு பக்கமும் குப்பைக்குப் போயிற்று.)

6

முடிவு ஒன்று: இன்னொரு ரோபோ வந்து அவனை இழுத்துச் செல்கிறது.

"அதுக்கு ட்ராக் யாரு செஞ்சது?" என்றாள்.

முடிவு இரண்டு: அது வெறும் பயிற்சி. வீடியோ முடிந்ததும் சிப்பாய் எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, சிகரெட் கேட்கிறான்.

இதை இரண்டு தடவை படித்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன். "நல்லாத்தான் இருக்குண்ணே. முட்டைக்கோஸும் இப்படித்தான் நல்லா இருந்துச்சு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிவு மூன்று: கையைத் தூக்கியவன்

என்னால் முடியவில்லை.

7

வீடியோ பார்த்த மறு திங்கட்கிழமையே எவலின் மேனேஜர் தனேஷிடம் போய் நின்றாள். "பாஸ், அந்த ட்ராக்ல டேக்கைக் கழட்டினது நான்."

"அக்கா, இத்தனை மாசம் ஆச்சு. கம்ப்ளெய்ன்ட் ஒன்னும் வரலையே லா."

"கம்ப்ளெய்ன்ட் பண்ண ஆள் உசுரோட இருக்கணும்ல?"

தனேஷ் கம்ப்யூட்டரைத் திறந்தான். ட்ராக்கை வாங்கியவர்களுக்கு, நடந்ததைச் சொல்லி அன்றே கடிதம் போனது. பதில் இன்னும் வரவில்லை. இப்போது ஆயுத பூஜைக்கு யார் கெஞ்சினாலும் அவள் டேக்கைத் தொடுவதில்லை என்று அய்யாவு குறைப்படுகிறாராம்.

போன ஞாயிறு இந்தக் கதையை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தட்டித் தடவிப் படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஓட்டை போட்டுக் கட்டினாள். காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: ‘ஆள் வந்து சேர்ந்த தகவல் இல்லை. அனுப்பக் கூடாது.’ கீழே கையெழுத்து.

"இதை நான்தான் கழட்டணும். தெரியும்லண்ணே?"

"தெரியும்மா" என்றேன். சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன்.

நேற்று பத்திரிகை ஆசிரியர் வாசு கூப்பிட்டார். இன்றைக்குள் கதை வேண்டும், பக்கம் காலியாகக் கிடக்கிறது என்றார். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்ப உட்கார்ந்தேன். டேக் முதல் வரியை மறைத்தது. படம் எடுத்ததும் மாட்டிவிடலாம் என்று கழற்றினேன். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், லோரி போய்விட்டது. அந்த ஆள் இன்னும் கையைத் தூக்கியபடியே சேற்றில் கிடக்கிறான். எவலினிடம் நான் என்ன சொல்வது? நீங்களாவது அவனைக் கொண்டுவந்து சேருங்கள்.