பார்த்த நேரம்

என் மனைவி சொர்ணத்தாயை ஏழாம் வரிசையில், மூன்றாம் தட்டில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வேலை இல்லாத ஆட்களை அங்கேதான் வைப்பார்கள். மடித்து வைப்பார்கள். வலிக்காது என்றார்கள்.

நான் அங்கே கல் தூக்குகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கல் உண்டு. அதில் கொத்தியிருக்கிறபடிதான் ஆள் இருப்பார். அந்த ஆள் கடைசியாக மாறிய நேரமும், அவரை யாராவது கடைசியாகப் பார்த்த நேரமும் அதில் இருக்கும். யாராவது எட்டிப் பார்த்தால் போதும். நான் சும்மாடு கட்டி, கல்லை ஏற்றி, நடையின் கோடியில் இருக்கும் குற்றாலிங்கம் அண்ணாச்சியிடம் கொண்டு போக வேண்டும். அவர் பழைய நேரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புது நேரத்தைக் கொத்துவார். பார்த்தவருக்கு ஒரு நொடி. எனக்கு அரை நாள்.

முப்பது நாள் யாரும் பார்க்காத ஆளைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

சொர்ணத்தாயை நான் தினமும் பார்த்தேன். அவள் கல்லையும் தினமும் தூக்கினேன்.

கொத்திக் கொத்திக் கற்கள் அப்பளமாகிவிட்டன. ஆட்கள் கூடக் கூட நடை நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் அண்ணாச்சி உளியைக் கீழே வைத்தார்.

"இனிமே சும்மா பாத்ததுக்கெல்லாம் கல்லு வரக்கூடாது வே."

"அப்போ நேரம்?"

"வாயால சொல்லும். மனசுல வச்சுக்கிடுதேன். அந்த ஆளுகிட்ட ஏதாவது மாறுனா, கல்லு எப்படியும் வரும்லா. அப்போ ரெண்டையும் சேத்துக் கொத்திருவேன்."

என் கழுத்து சந்தோஷப்பட்டது. தினமும் பார்த்தேன். தினமும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பிறகு கரண்ட் போய் வந்தது. ஒரு கண் சிமிட்டல்தான். அண்ணாச்சி மனசில் வைத்திருந்ததெல்லாம் அதோடு போய்விட்டது.

"நீரு யாரு வே?" என்றார் அண்ணாச்சி. போய் என் கல்லை வாசித்துவிட்டு வந்தார். "மாசானமா? சரி."

"நான் சொர்ணத்தாயப் பாத்த நேரமெல்லாம்?"

"எந்தச் சொர்ணத்தாயி?"

நான் ஐம்பது வயதில் எழுத்துப் படித்தவன். அவள் கல்லை விரல் வைத்து வாசித்தேன். கடைசியாகப் பார்த்து இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஆறாம் வரிசையில் துடைப்பச் சத்தம் கேட்டது. கூட்டுகிற பகவதி வந்துகொண்டிருந்தாள்.

"தினமும் பாக்கேம்மா" என்றேன்.

"கல்லுல இல்லையே மாமா."

"அவகிட்டயே கேளு."

"கல்லுகிட்டதான் கேக்கச் சொல்லிருக்காவ."

நான் சொர்ணத்தாயிடம் போனேன். "உன்கிட்ட எதையாவது மாத்தணும்."

"எதுக்கு?"

"நீ இருக்கதுக்கு."

அவள் யோசித்தாள். "எனக்குப் பாவக்கா ஆகாதுல்லா. ஆகும்னு வச்சுக்கிடுங்க."

கல்லைத் தூக்கினேன். அண்ணாச்சி பாகற்காய் பிடிக்கும் என்று கொத்தினார். பக்கத்தில் அன்றைய நேரத்தையும் கொத்தினார். "மாத்துனத மறுபடி மாத்திக் கொண்டாராதீரும். கல்லு தாங்காது" என்றார்.

பகவதி அவளைத் தாண்டிப் போனாள்.

கரண்ட் அடிக்கடி போனது. முப்பது நாளைக்கு ஒன்று மாற்றினோம். சொர்ணத்தாய் இடது கைக்காரி ஆனாள். ஏரலில் பிறந்தவள் கயத்தாறில் பிறந்தாள். சிரிப்பு மாறியது. எங்கள் கல்யாணத்தில் பெய்த மழை இல்லாமல் ஆனது. செத்துப்போன பிள்ளை பிறக்காமல் போனான். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். நீங்க எனக்கு என்ன வேணும்ங்கது."

துடைப்பம் பக்கத்துத் தட்டுவரை வந்திருந்தது. கல்லைத் தூக்கினேன். அதில் கனமே இல்லை.

"புருஷன எடுத்துட்டு என்ன போட?" என்றார் அண்ணாச்சி.

"கல்லு தூக்குத ஆளு."

கொத்தினார். நேரத்தையும் கொத்தினார். திரும்பக் கொண்டு வந்தேன்.

தட்டில் இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க?"

"கல்லு கொண்டாந்திருக்கேம்மா."

"அங்கன வச்சிட்டுப் போங்க."

வைத்தேன். நேரத்தின் மேல் இருந்த தூளை ஊதினேன். சரியாகக் கொத்தியிருந்தார். பகவதி வாசித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.