ஓடாவிட்டால் அது படிக்கட்டு

எங்கள் மனுவுக்கு ஆறு வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. "தாங்கள் குறிப்பிடும் எஸ்கலேட்டர், தற்போதைய கட்டட வரைபடத்தில் படிக்கட்டு எனப் பதிவாகியிருப்பதால், அதற்கு மின் இணைப்பு வழங்க இயலாது." முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த மூச்சிலேயே கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு தேவைப்படுமே என்று நானே குனிந்து எடுத்து நீவி வைத்தேன். குனிந்ததற்கே மூச்சு வாங்கியது.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு மணி நேரம் மிஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் நான் உயிரோடு இருக்க முடியும். அந்த மிஷின்கள் இருப்பது ஒரு செத்த மாலின் இரண்டாம் மாடியில்.

அந்த மால் எனக்குப் புதிதில்லை. முதல் மாடிச் செருப்புக்கடையில் ஒன்பது வருடம் பில் போட்டவள் நான். என் வீட்டுக்காரர் அங்கே எஸ்கலேட்டர் மெக்கானிக். ஜனங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆன்லைனில் வாங்கப் பழகியதும் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. எங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் வேலை போனது. மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தைப் பிறகு நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி, கடைகளைக் காலி செய்த அதே ஆன்லைன் கம்பெனிக்குக் கோடவுன். மறு பாதி மக்கள் நலனுக்காம், எங்கள் டயாலிசிஸ் சென்டர் அதில்தான். ரிப்பன் வெட்டிய அன்று மேடையில் பேசியவர்கள் எல்லாரும் கட்டடத்துக்கு மறுவாழ்வு, மறுவாழ்வு என்று நீட்டி முழக்கினார்கள். ஒருவராவது நிமிர்ந்து, நோயாளி மேலே எப்படிப் போவான் என்று பார்த்திருக்கலாம்.

லிஃப்ட் இரண்டும், அவசரப் படிகளும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. எங்கள் பங்குக்கு வந்தது ஓடாத எஸ்கலேட்டர்.

நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது படிக்கட்டே இல்லை. முதல் இரண்டு படி தட்டையாக இருந்து ஏமாற்றும். மூன்றாவது படியிலிருந்து வீட்டுப் படியைவிட உயரமாகி, விளிம்பில் இரும்புப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மாடிக்கு இருபத்தாறு படி. எனக்கு ஊசி போடும் இடது கையில் பாரம் தாங்கக் கூடாது, வலது கை மட்டும்தான் பிடிமானம். மிஷினுக்குப் போகும் நேரத்தில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஏறிக் கால் இரண்டும் பூசணியாக இருக்கும். முதல் மாடியில் என் பழைய செருப்புக்கடைதான் இப்போது நாங்கள் இளைப்பாறும் அறை. சுவரோரம் சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடிகளை யாரும் கழற்றவில்லை. வரிசையாக உட்கார்ந்தால் எங்கள் வீங்கிய கால்கள் மட்டும் அதில் தெரியும். பார்க்கப் பிடிக்காமல் நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வேன்.

இதில் பெரிய கூத்து, என் வீட்டுக்காரருக்குக் கோடவுனிலேயே லிஃப்டில் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்திருந்தது. பதில் வந்த அன்று அவரிடம் கேட்டேன்.

"உங்க லிஃப்டுல என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்."

"அது சரக்கு லிஃப்ட். ஆளை ஏத்தினா என் வேலை போயிடும்."

"என் மிஷினுக்கு ஊத்துற மருந்துத் தண்ணி கேன் எல்லாம் அதுலதானே மேல போகுது?"

"அது சரக்கு."

"அப்ப நான்?"

அவர் சட்டையை மாற்றப் போனார். "பேசாம ஏறிடு. ஊரோட வம்பு எதுக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. பதினோரு வருடம் அந்த எஸ்கலேட்டருக்கு எண்ணெய் விட்ட மனுஷன். எனக்கு அதிகாரிமேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

மறுநாள் காலை, என்னைப் போலவே மிஷினுக்கு வரும் டிரைவர் அண்ணன் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஏறும்போது "ரைட், ரைட், போலாம்" என்று தனக்குத்தானே விசில் கொடுத்து எங்களைச் சிரிக்க வைப்பார். மூன்றாவது படியில் கால் இடறி விழுந்தார். இரும்பு விளிம்பு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது, காயம் பட்டால் லேசில் நிற்காது. என் துப்பட்டாவை வைத்து அழுத்தினேன், அதுவும் நனைந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கட்டட மேனேஜர் வந்து ரத்தத்தைப் பார்த்தார். துடைப்பக்காரம்மாவைக் கூப்பிட்டார். என்னிடம் திரும்பி, "படிக்கட்டுன்னா நாலு பேர் விழத்தான் செய்வாங்கம்மா. பார்த்து ஏறணும்," என்றார்.

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, லாரிகள் நிற்கும் பின்வாசல் வழியாகக் கோடவுனுக்குள் நுழைந்தேன். அன்று மிஷினுக்கு வந்திருந்த மற்ற ஒன்பது பேரும் என் பின்னால் மெல்ல வந்தார்கள். சரக்கு லிஃப்ட் திறந்திருந்தது. அதன் வாசல் கோட்டின்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கதவு மூட வந்து, என்னைத் தொட்டு, திரும்பப் போனது.

என் வீட்டுக்காரர் டிராலியோடு வந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ற? எந்திரி."

"எந்திரிக்க முடியல. ஏறி ஏறிக் கால் போச்சு."

பின்னால் பெட்டிகள் தேங்கின. ஒரு டிராலி, மூன்று, ஏழு. எங்கோ ஒரு மணி விடாமல் அடித்தது. எங்கள் மனுவுக்கு ஆறு வாரம் எட்டிப் பார்க்காதவர்கள், பெட்டிகள் பதினைந்து நிமிடம் நின்றதற்கு ஓடி வந்தார்கள். கோடவுன் சூப்பர்வைசர், சின்னப் பெண், மூச்சிரைக்க வந்தாள். கட்டட மேனேஜர் வந்தார். கழுத்தில் அட்டை தொங்கிய இன்னொருவரும் வந்தார்.

"அம்மா, பேசித் தீர்த்துக்கலாம். முதல்ல வழி விடுங்க," என்றார் மேனேஜர்.

"நீங்க பேசுங்க. எனக்கு ஏழு மணிக்கு மிஷின். இப்ப ஏழேகால்."

மூவரும் தள்ளிப்போய்க் குசுகுசுத்தார்கள். சூப்பர்வைசர் திரும்பி வந்து, "சரி மேடம், போங்க. ஆனா லேபிள் இல்லாம இந்த லிஃப்ட் நகராது. சிஸ்டம் அப்படி. ஒரு பொருள்னு பதிவு பண்ணித்தான் ஏத்தணும்," என்றாள். அவளுக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கையிலிருந்த லேபிள் அடிக்கும் மிஷினை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். "உடையும் பொருள்னு போடட்டுமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்கும் க்யூதான் அண்ணே. முக்கால் மணி நேரம் ஆகும்," என்றாள் அவள். "கெட்டுப்போற பொருள்னு போட்டா உடனே எடுக்கும்."

என் பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார், அல்லது இருமினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் இத்தனை மாதத்தில் இந்தக் கட்டடம் எங்களைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அதையே போடுங்க," என்றேன்.

அவர் அழுத்தினார். லேபிள் மிஷின் கீச்சென்று கத்தித் திரையில் இன்னொரு கட்டத்தைத் திறந்தது. அவர் விரல் அதன்மேல் நின்றது. நகரவில்லை.

"என்ன கேக்குது?" என்றேன்.

சூப்பர்வைசர்தான் எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "எத்தனை நாள் தாங்கும்னு கேக்குது மேடம்."

மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்க விரும்பவில்லை. அந்த மிஷினை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ரெண்டு நாள்," என்று மேனேஜருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நானே அழுத்தினேன். "எங்க பத்துப் பேருக்கும் ரெண்டு நாள்தான்."