ருசி பாராமல் இட்ட மதிப்பெண்

திருச்சிராப்பள்ளியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் பதினோராண்டுகள் சமையல் கற்பித்தேன். அக்காலமெல்லாம் மாணவியர் சமைத்ததில் ஒரு பருக்கையையும் நாவில் வைத்ததில்லை. ஆயினும் அனைத்திற்கும் மதிப்பெண் இட்டேன்.

அது தவறென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து பன்னிரண்டாம் வயதில் கைம்மை எய்தியவள். என்னைப் படிக்க வைத்த தமையனாரிடம், வெளியில் எதுவும் உண்ணமாட்டேன் என்று வாக்களித்திருந்தேன். காலையில் ஜட்கா வண்டியில் காவேரிப் பாலத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்வேன். மாலையில் திரும்பி, நீராடிய பின்னரே உண்பேன். டொமஸ்டிக் சயன்ஸ் என்று அன்று அழைக்கப்பட்ட மனையியலில் சத்துகள், அளவுகள், நோயாளிக்கான உணவு ஆகிய யாவும் எனக்கு மனப்பாடம். ருசி ஒன்றுதான் இடித்தது. அதற்குப் பள்ளி ஆயா வீரம்மாள் இருந்தாள்.

நான் அடுப்படிதோறும் செல்லும்போது அவளும் என் பின்னே ஒரு கரண்டியோடு வருவாள். ருசி சரியாக இருந்தால் இரண்டாம் கரண்டி எடுப்பாள். உப்பு மிகுந்திருந்தால் தண்ணீர்ப் பானையை நோக்கி நடப்பாள். அவள் முகத்தைப் பார்த்து நான் எண்ணை எழுதுவேன்.

"டீச்சருக்கு நாக்கு வீரம்மா கிட்ட, பேனா இவங்க கிட்ட" என்று மாணவியர் தம்முள் கூறிச் சிரிப்பார்கள். என் காதில் விழுந்ததுண்டு. நானும் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன்.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் இறுதிப் பரீட்சை நடந்தது. சென்னையிலிருந்து வெளிப் பரீட்சகராகத் திருமதி ஞானாபரணம் வந்திருந்தார். சென்னைக் கல்லூரி ஒன்றில் மனையியல் விரிவுரையாளர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர் என்பதை அறிந்திருந்தேன். பரீட்சைக் கூடத்துள் ஆயாக்களுக்கு அனுமதியில்லை என்று அவர் வந்தவுடனேயே கூறிவிட்டார். வீரம்மாள் கரண்டியோடு வாயிலில் நின்றுவிட்டாள்.

நோயிலிருந்து தேறி வருபவருக்கான கஞ்சி என்பது வினா. பதினான்கு மாணவியர். நான் ஒவ்வொரு பாத்திரத்தருகிலும் குனிந்தேன், கரண்டியை எடுத்தேன், உதடுவரை கொண்டுசென்றேன், வைத்துவிட்டேன். கண்ணும் மூக்கும் கூறியவற்றை எழுதினேன்.

செல்வமேரி ஜவ்வரிசியைப் பாலில் காய்ச்சியிருந்தாள். முத்துமுத்தாக, வெண்மையாக, கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. இருபதுக்குப் பத்தொன்பது இட்டேன். அடுத்த அடுப்பு நஜீமாவுடையது. பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் ரஹீமின் மகள். எங்கள் பள்ளியில் அவள் சமூகத்திலிருந்து சேர்ந்த முதற்பெண். நொய்யோடு பாசிப்பயறும் பூண்டும் வெந்தயமும் சேர்த்திருந்தாள். நிறம் மங்கி, சேற்றுநீர் போலத் தோன்றியது. பூண்டு மணம் எனக்கு ஆகாது. ஏழு இட்டேன்.

திருமதி ஞானாபரணம் செல்வமேரியின் கஞ்சியை வாயில் வைத்தார். உடனே கைக்குட்டையை எடுத்து அதில் உமிழ்ந்தார். பிறகு நஜீமாவின் கஞ்சியில் ஒரு கரண்டி, மீண்டும் ஒரு கரண்டி. அதன்பின் என் மதிப்பெண் தாளை நோக்கினார்.

"உப்புக் கரிக்குது. பத்தொன்பது எப்படிப் போட்டீங்க? நீங்க ருசி பார்த்தீங்களா, இல்லையா?"

இல்லை என்று கூறியிருக்கலாம். என் ஆசாரம் இன்னதென்று சொல்லியிருக்கலாம். ஆனால் ருசி பாராத சமையலாசிரியைக்குச் சென்னையில் என்ன வேலை?

"பார்த்தேன். அடுப்புல இருக்கறச்சே இனிப்பாத்தான் இருந்தது" என்றேன்.

பதினான்கு பெண்களும் தலை நிமிர்ந்தார்கள். நான் எதையும் வாயில் வைப்பவளல்லள் என்பது அவர்களுள் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"அப்படின்னா அதுக்கப்புறம் யாரோ உப்பை அள்ளிப் போட்டிருக்காங்க" என்றார் பரீட்சகர். "உப்பு ஜாடி யார் கிட்ட இருக்கு?"

ஜாடி நஜீமாவின் அடுப்பருகே இருந்தது.

"நீ போட்டியாம்மா?"

"இல்லீங்கம்மா."

"உன் கஞ்சியையாவது ருசி பார்த்தியா?"

"இல்லீங்க. ரமலான் நோன்பு. அளந்து போட்டேன்."

நஜீமா என்னைப் பார்த்தாள். அப்பார்வையில் சினமில்லை, நான் ஏதாவது கூறுவேன் என்று காத்திருந்தாள். நான் என் தாளில் இட்டிருந்த எண்களைக் கூட்டத் தொடங்கினேன். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை என்று பின்னாளில் பலமுறை எனக்கே கூறிக்கொண்டதுண்டு. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பொறாமையால் அடுத்தவள் சமையலைக் கெடுத்தாள் என்று பரீட்சகர் குறிப்பெழுதினார். நஜீமாவின் தேர்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. ஜூன் மாதம் கோட்டைப் பகுதியில் திறக்கவிருந்த பெண்கள் பள்ளியில் அவளுக்கு வேலை பேசியிருந்தார்கள். சான்றிதழ் இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லையேல் அவள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது தந்தை விதித்த நிபந்தனை. இவை யாவும் எனக்குத் தெரியும்.

இரண்டு நாட்கள் கழித்துச் செல்வமேரி அழுத கண்களோடு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நான்தான் சீனின்னு நினைச்சு உப்பை எடுத்துட்டேன் போல. அவசரத்துல எடுத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி ஜாடி."

"வாயில வச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"தவக்காலம் டீச்சர். ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு தொடறதில்லைன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சியவாறே சற்றுத் தயங்கி, "அன்னிக்கு அந்தக் கூடத்துல யாருமே ருசி பார்க்கல டீச்சர்" என்றாள்.

யாருமே என்ற சொல்லை அவள் வேண்டுமென்றே கூறவில்லை என்று நம்பினேன்.

"நீ போ. நான் பார்த்துக்கறேன். வெளியில சொல்லாதே" என்றேன். எதையும் பார்க்கவில்லை. அன்றே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். நாளை எழுதலாம், நேர்காணல் முடியட்டும், ஆணை வரட்டும் என்று நாட்களைத் தள்ளினேன். மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஆணை வந்தது. அதை மடித்துப் பெட்டியில் வைத்த பிறகே நஜீமாவின் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அவளுடைய தாயார் சாரா பீவி கதவைத் திறந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, வாங்க. டீச்சரம்மாவா! வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே!" என்று பாயை உதறி விரித்தார். "தண்ணி கூட வாங்க மாட்டீங்கன்னு பிள்ளை சொல்லியிருக்கு. என்ன உபசாரம் பண்றதுன்னே தெரியல."

அவர் உள்ளே சென்றதும் நஜீமா வந்து கதவோரம் நின்றாள்.

"என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"மன்னிப்பு இருக்கட்டும் டீச்சர். அந்தச் சென்னை அம்மாவுக்கு ஒரு காகிதம் எழுதிடுங்க. ஸ்கூல் திறக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

"எழுதி அனுப்பறேன்."

"இங்கேயே எழுதுங்க." தாளும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

எழுதினேன். செல்வமேரியே ஜாடியை மாற்றி எடுத்துவிட்டாள் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள், நஜீமா குற்றமற்றவள், அவளுடைய தேர்ச்சியை அறிவிக்க வேண்டுகிறேன். இவ்வளவும் எளிதாக வந்தன. அப்படியாயின் இனிப்பாக இருந்ததென்று நீங்கள் கூறியது எவ்வாறு என்று பரீட்சகர் வினவுவாரே! பேனா நின்றது. பின்னர், நான் ருசி பார்த்தது வேறொரு அடுப்பின் பாத்திரமாக இருந்திருக்கலாம், நினைவுப் பிழை என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

நஜீமா அதை வாங்கி நின்றவாறே படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்தாள்.

"எந்த அடுப்பு டீச்சர்?"

நான் மைக்கூட்டை மூடினேன்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கலாம். நான் நோன்பு இருக்கற மாதிரி நீங்களும் ஒரு விரதம் இருக்கீங்க, அதை ஊரு முன்னால எப்படிப் போட்டு உடைக்கிறதுன்னு சும்மா இருந்துட்டேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"வேலை போயிடும்மா" என்றேன்.

"எனக்கும்தான் போச்சு."

தாளை மீண்டும் ஒருமுறை படித்தாள். அதைத் திருப்பித் தந்து வேறு எழுதச் சொல்வாள் என்று அஞ்சினேன். அவ்வாறு சொல்ல வேண்டுமென்று விரும்பவும் செய்தேன். அவள் அதை நான்காக மடித்தாள்.

"என் சர்டிபிகேட்டுக்கு இது போதும். நானே தபால்ல சேர்த்துடறேன். மத்ததை நீங்க வச்சுக்குங்க."

சாரா பீவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். "கையால உரிக்காத பழம், தோலோட இருக்கு. இதை வாங்கிக்கலாம்ல?" என்று தயங்கித் தயங்கி நீட்டினார். மகள் கையிலிருந்த கடிதத்தைக் கண்டு, "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாம்மா. பாஸ் போடச் சொல்லி டீச்சர் எழுதிக் குடுத்திருக்காங்க."

அந்த அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன. "ரெண்டு மாசமா இது சோறு தண்ணி இல்லாம கிடந்துச்சுங்க. அவங்க அத்தா வீட்டோட கிடன்னு சொல்லிட்டாரு. யாரோ பாவி பழி போட்டா, நீங்க வீடு தேடி வந்து தீர்த்து வச்சீங்களே! அல்லா உங்களை நல்லா வைக்கணும். போற இடத்துலயெல்லாம் உங்களுக்குப் பேரும் புகழும் வரணும்."

நான் நஜீமாவைப் பார்த்தேன். அவள் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாவி யாரென்று கூற அப்போதும் எனக்கு வாய்ப்பிருந்தது.

சாரா பீவி தாமே படியிறங்கி, கைதட்டி ஒரு ஜட்காவை நிறுத்தி, "ஸ்ரீரங்கம் வரைக்கும் பத்திரமா கொண்டு விடுப்பா, பெரிய டீச்சரம்மா" என்று வண்டிக்காரனிடம் கூறினார். நான் பழச்சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கைகூப்பி விடைபெற்றேன்.