வெந்நீரில் போட்ட மணிகள்

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கு, உலர்ந்த நிலையில் வாசனை கிடையாது. காற்றிலிருந்து எதை உறிஞ்சியதோ அதைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டால்தான் கக்கும். மூடி போட்ட பீக்கரில் வெந்நீர், அதில் இரண்டு கரண்டி மணிகள், பத்து நிமிடம். மணிகள் படபடவென்று வெடித்து அடங்கிய பிறகு மூடியைத் திறந்து, எங்கள் வீட்டில் மூத்தவர் மோந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே அறிக்கையில் கையெழுத்து. ஜெல்லைச் சோதித்து வெளியே அனுப்பும் இந்த ஆய்வகத்தை அப்பா தொடங்கிய நாள் முதல் இதுதான் முறை. அவர் போன பிறகு முப்பத்தொரு வருடமாக அந்த மூக்கு என்னுடையது.

அன்று காலை மூடியைத் திறந்தேன். பூனை மூத்திரம்.

லேசான சந்தேகம் கூட இல்லை. வெந்நீரோடு ஆவியாகி நேராக முகத்தில் அடித்தது. மூடியைத் திரும்ப வைத்தேன். விரலில் ஒட்டிய துளியைக் கோட்டில் துடைக்கவும் மனம் வரவில்லை.

எடை போடும் மேசையிலிருந்து தராசுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் எங்களோடு இருபத்தைந்து வருடம்.

"என்ன மேடம், முகம் இப்படிப் போகுது?"

"நீங்களே பாருங்க."

மூடியைத் தூக்கியவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயையோ! எங்க மாடிப்படிக்குக் கீழ இதே வாசனைதான். பூனை குட்டி போட்டு மூணு மாசமாச்சு."

மணிகளை எடுத்த மூட்டையைப் பார்த்தேன். மேலே என் தம்பி மகனின் கையெழுத்து: 'மறுபயன்பாட்டு ஜெல், ஒன்பதாம் சுற்று.'

அவன் டாக்டர் பட்டம் வாங்கியவன். ஈரம் குடித்துக் களைத்துப்போன ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தினால் எத்தனை முறை திரும்ப வேலை செய்யும் என்பதுதான் இரண்டு வருடமாக அவன் ஆராய்ச்சி. சுவரெல்லாம் அவன் ஒட்டிய வரைபடத் தாள்கள். ஜெல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, கருவிகள் வந்த பெட்டிகளில் மிச்சமானது என்றான். நம்பினேன். கல்யாண வீடுகளில் அவன் பெருமையை நானாகவே பேசினேன்.

அவனைக் கூப்பிட்டேன். பீக்கரை அவன் பக்கம் தள்ளினேன்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

அவன் மோந்து பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க..."

"எங்கேருந்துன்னு கேட்டேன்."

"பூனைங்களை வச்சுப் பாத்துக்கற விடுதி ஒண்ணு இருக்கு. அதுங்க மலஜலம் கழிக்கற தட்டுல இந்த ஜெல்தான் போடுவாங்க. வாரம் ஒரு தடவை தூக்கிக் கொட்டறாங்க. சும்மாவே தர்றாங்க."

"தட்டுல போட்டதை நீ மூட்டை கட்டி எடுத்துட்டு வந்தே."

"கழுவி, அலசி, நூத்தம்பது டிகிரியில ஆறு மணி நேரம் வச்சிருக்கேன் அத்தை. ஒரு கிருமி இருக்காது. ஒன்பது சுத்துக்கு அப்புறமும் புதுசுல தொண்ணூறு சதவீதம் ஈரம் இழுக்குது. இது பெரிய விஷயம்!"

"மஞ்சளா இருந்திருக்குமே?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆரஞ்சு மணி கொஞ்சம் கலந்தேன். மஞ்சள் தெரியாது."

ஈரத்தைக் காட்டுவதற்காக நிறமேற்றிய மணிகள் அவை. அழுக்கை மறைக்க அவற்றைக் கலந்திருக்கிறான். மூத்திரத்தைவிட இந்தக் கலப்புதான் எனக்குக் குமட்டியது. எத்தனை மணி போட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பான். அப்பாவின் பேரன்.

"இது எதுக்குப் போறதா இருந்துச்சு?"

"மாத்திரை பாட்டில்ல போடற சின்னப் பொட்டலத்துக்கு." பிறகு, என்னமோ என்னைச் சமாதானப்படுத்துவது போல, "போன மாசமே நாப்பது கிலோ போச்சே அத்தை. எட்டாம் சுற்று. அதுக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? ஒண்ணும் சொல்லலையே."

தராசுக்காரர் சட்டென்று தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் எனக்குச் சளி. இரண்டு வாரம் மூக்கு அடைத்துக் கிடந்தது. கைக்குட்டையைக் கோட்டின் உள்பையில் மறைத்து வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் தம்பி மோந்து பார்த்திருப்பான். இந்த வீட்டில் என் இடத்தில் இன்னொரு மூக்கா என்று நினைத்தேன். மூடியைத் திறந்தேன், எதுவும் தெரியவில்லை, 'மணமற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அனுப்பிய ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து, புட்டியில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்போம். அதன் சாவி என்னிடம்தான். முதலில் எனக்கு வந்த எண்ணம், எட்டாம் சுற்றின் புட்டியைச் சாக்கடையில் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான். சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

சத்தம் கேட்டுத் தம்பி உள்ளே வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கதவைச் சாத்தினான்.

"அக்கா, இந்த மூட்டையைக் கொட்டிடலாம். இவனை நான் பாத்துக்கறேன். போன மாசம் போனது போச்சு. பொட்டலத்தைப் பிரிச்சு வெந்நீர்ல போட்டு எவன் மோந்து பாக்கப் போறான்? அப்பா பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்துடாதே."

நான் மனதில் வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே அவன் வாயிலிருந்து வந்தன. வெளியே கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது!

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு நினைக்குமாம்," என்றார் தராசுக்காரர், யாரையும் பார்க்காமல்.

"நீங்க சும்மா இருங்க!" என்றான் தம்பி.

அலமாரியைத் திறந்தேன். அந்தப் புட்டியை எடுத்தேன். வெந்நீர், இரண்டு கரண்டி. மணிகள் வெடித்தன. பத்து நிமிடம். மூடியைத் திறந்தேன். கொஞ்சம் மட்டாக, ஆனால் அதே நாற்றம். நோய்க்காரர்கள் எத்தனையோ பேர் காலையில் அந்தப் பாட்டிலைத் திறந்திருப்பார்கள்.

பீக்கரைத் தம்பியிடம் நீட்டினேன். "மோந்து பாரு. நீயும் அப்பாவுக்குப் பொறந்தவன்தானே."

அவன் கையால் மூக்கை மூடிக்கொண்டான்.

"நமக்கே முடியல. அவங்க வாய்ல போட்டுக்கற மாத்திரைக்குப் பக்கத்துல இருக்கு," என்றேன். மருந்து கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாற்பது கிலோவையும் திரும்ப எடுக்க வேண்டும், ஏன் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். தம்பி தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"சரி, எழுது. ஆனா கருவி பழுதுன்னு எழுது அக்கா."

"எந்தக் கருவி?"

'அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது. வாசனை தெரியவில்லை. அதை மறைத்துக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நேரம் எடுத்து நான் எதையும் எழுதியதில்லை.

தம்பி மகன் சுவரோரமாகவே நின்றிருந்தான்.

"உன் கட்டுரையிலயும் பூனைன்னு எழுது."

"எழுதினா எவனும் வெளியிட மாட்டான் அத்தை."

"வெளியிடாட்டிப் போகட்டும்."

அவன் சுவரிலிருந்து ஒரு தாளை உரித்தான். மற்றவற்றை உரிக்கவில்லை. வெளியே போய்விட்டான்.

தராசுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தயங்கினார். "சளின்னு இருக்கே மேடம். அப்படியே அனுப்பிடவா?"

"அப்படியேதான்."

கணினியில் அனுப்பினார். நான் குழாயடியில் நின்று சோப்பு போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். அரை மணி நேரம் கூட ஆகவில்லை, மேசையில் தொலைபேசி அடித்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கை நீளவில்லை.

வலது கையை மோந்து பார்த்தேன். இன்னும் போகவில்லை. இடது கையால் எடுத்தேன்.

"ஆமாம்," என்றேன், "எழுதினது நான்தான்."