ஒளித்து வைத்த பிள்ளைகள்

கௌதமன் சாரின் ஜீப் ரோட்டில் ஏறி மறைந்த பிறகுதான் சாலம்மாளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று கோடை வகுப்பின் வாசலிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் அடித்த கூத்துக்குக் கடவுள் அவளை இவ்வளவு லேசாக விட்டதே பெரிது.

சாலம்மாள் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். புருஷன் இல்லை. மகள் பூவிழிக்கு ஒன்பது வயசு. பேச்சு வராது, கண்ணசந்தால் ஓடிவிடுவாள். பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் எப்படியோ ஒரு மூலையில் உட்கார வைத்துக்கொள்வார்கள். ஆனால் வெயில் ஏறினால்தானே உப்பு விளையும்? பள்ளிக்கூடம் மூடுகிற மாதங்களில்தான் வேலை கழுத்தை நெரிக்கும். பழைய சேலையைக் கிழித்து, பிள்ளையின் காலை வீட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவாள். பெத்த வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய, உலை கொதிக்க வேண்டாமா?

சுனாமிக்குப் பிறகு வந்த கோடையில் சென்னை டிரஸ்ட் ஒன்று பணம் போட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கியது. நடத்த சந்தியா டீச்சர் வந்தாள். சேலைத் துண்டு கூரையில் செருகப்பட்டது. இந்த வருஷமும் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆனால் டிரஸ்ட்காரர் கௌதமன் சார் நேரில் வந்து பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பணம் வருமா என்று தெரியும் என்றாள் டீச்சர்.

பார்க்க வருகிறார்கள் என்றால் சாலம்மாளுக்கு ஒன்றுதான் தெரியும். அவள் படித்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மக்குப் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். அவளையே எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை பாருங்கள். பக்கத்து வீட்டு லூர்துமேரியைக் கூப்பிட்டாள். அவளுடைய மகன் ஜான்சனும் இந்த வகுப்புதான்.

“வர்றவரு முன்னாடி நம்ம பசங்க எச்சி ஒழுக்கிக்கினு, கத்திக்கினு இருந்தா ஒண்ணும் தேறலன்னு பணத்த நிறுத்திடுவாரு.”

“அதுக்கு இன்னாக்கா பண்றது?”

“நம்மளத வீட்லயே வச்சிக்கலாம். தெருவுல நல்லாப் படிக்கிற பசங்களக் கொண்டாந்து ஒக்கார வச்சிடலாம்.”

மற்ற அம்மாக்களும் தலையாட்டினார்கள். ஒருத்திக்காவது சந்தேகம் வரவேண்டுமே, ஊஹூம். டீச்சர் சாரை அழைத்துவரத் திண்டிவனம் போயிருந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

சாரோடு திரும்பி வந்த சந்தியா டீச்சர் வாசலிலேயே விறைத்து நின்றாள். எண்ணெய் வைத்து வாரிய தலைகள் எழுந்து வணக்கம் சொல்லின. செந்தமிழ் என்ற பையன் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தான். கௌதமன் சார் கை தட்டினார்.

“ரொம்ப சந்தோஷம் டீச்சர். இவங்களுக்கு நம்ம உதவி தேவையே இல்ல. பணத்தக் கிளியனூர்ப் பக்கம் குடுத்துடலாம். அங்க இன்னும் புள்ளைங்களக் கட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போறாங்களாம்.”

சாலம்மாளுக்குச் சுருக்கென்றது. காலையில் அவளும் கூரையிலிருந்து அந்தத் துண்டை உருவியிருந்தாள்.

“சார், போயிடாதீங்க” என்று முன்னால் வந்தாள். “இதுங்க எங்க புள்ளைங்க இல்ல சார். எல்லாம் என் வேல. டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. எம்பொண்ணும் இப்ப கட்டித்தான் கெடக்குது.”

பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். பூவிழி கத்தவில்லை. ஆணியில் தொங்கிய வகுப்புப் பையை எட்டி இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டின காலை வாசல் பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாளோ. சாலம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“வாடி தங்கம், கிளாஸுக்குப் போலாம்” என்று முடிச்சை அவிழ்த்தாள்.

அதற்குள் மற்ற அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜான்சன் நேராகப் போய் சாரின் சட்டையில் முகத்தைத் துடைத்தான். பூவிழியின் பாயில் செந்தமிழ் உட்கார்ந்திருந்தான். அவள் அவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

“தானா வந்து ஒக்காருதா?” என்று கேட்டார் சார்.

“போன வருஷம் அரை நிமிஷம் ஒக்காராது சார்” என்றாள் டீச்சர். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

கௌதமன் சார் ஈரச் சட்டையோடு சிரித்தார். “இங்கயே நடத்துங்க. பணம் வரும். கிளியனூருக்கு வேற எடத்துல கேட்டுப் பாக்கறேன். ஏம்மா, அடுத்த தடவ நான் வரும்போது இவங்களையே காட்டுங்க.”

சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் பூவிழியை வகுப்பில் விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனாள். அந்தச் சேலைத் துண்டைச் சுருட்டி, தலையில் சும்மாடாக வைத்தாள்.

“புதுசாக்கா?” என்று கேட்டாள் லூர்துமேரி.

“பழசுதான். இனிமே இதுக்கு இதான் வேல. நீ கூடையத் தூக்கி வுடு” என்றாள் சாலம்மாள்.